பாலத்தாண்ட மூன்று லாரி கல்

என் வீட்டுக்காரர் லூர்து பிரகாஷுக்குக் காது இரண்டும் நன்றாகத்தான் கேட்கும். ஆனால் சொல்வதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் மனுஷன் வண்டியைக் கிளப்பிவிடுவார். அதுதான் வியாதி. அதற்கு மருந்து கிடையாது என்று கல்யாணமான முதல் மாசமே எனக்குத் தெரிந்துபோயிற்று.

அன்றைக்கு வீட்டுக்கு விருந்தாளி வந்திருந்தார்கள். நான் போன் போட்டு, "வரும்போது சங்கரா எட்த்துக்கினு வா" என்றேன். சங்கரா எங்கள் பக்கத்தில் பேர்போன மீன். இவர் என்ன செய்தார் தெரியுமா? கூட வேலை பார்க்கும் கிளீனர் சங்கரைக் கூட்டிக்கொண்டு வந்து, கூடத்தில் பாய் போட்டு உட்கார வைத்துவிட்டார். "நீதான சங்கர இட்டுக்கினு வான்னு சொன்ன?" என்று என்னையே கேட்கிறார்! அந்தப் பையன் பாவம், எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் கைகழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறான். வெறும் ரசமும் முட்டையும் போட்டு அனுப்பினேன். விருந்தாளிகள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கடலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறந்தது கண்டாச்சிபுரம் பக்கம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையும் கேப்பைக் களியுமாக வளர்ந்த ஆள். வானூர்ப் பக்கத்துக் கல் குவாரியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு டிப்பர் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டார். நான் ஒரே பெண் என்பதால் என்னைக் கட்டிக்கொண்டு எங்கள் குப்பத்துக்கே வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்தது கிடையாது. "ஜாக்குலின், அது சும்மா இருக்கும்போதே எனக்கு நம்பிக்கை இல்ல" என்பார். அந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.

எங்கள் வீடு குப்பத்தின் கடைசி வரிசை. அப்பா கட்டியது. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் பாறாங்கல் கொட்டிக் கட்டிய தடுப்புச் சுவர் இருந்தது. அதற்குச் சற்று வடக்கே, அந்தக் காலத்தில் படகில் சரக்கு ஏற்றப் போட்ட பாலத்தின் தூண்கள் கடலுக்குள் நிற்கின்றன. மேலே பலகையும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனாலும் எங்களுக்கு அதுதான் பாலம், அதன் பக்கத்து இடமெல்லாம் பாலத்தாண்ட. வலையைக் காயப்போடுவது பாலத்தாண்ட, மீன் ஏலம் பாலத்தாண்ட, சண்டை போட்டுக்கொள்வதும் பாலத்தாண்ட. வேறு பாலம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாது.

அந்தக் கார்த்திகையில் வந்த புயல் எங்களைத் தாண்டிப் போனபோது சுவரையும் இழுத்துக்கொண்டு போயிற்று. விடிந்து பார்த்தால் எங்கள் வீட்டுக்கு நேர் பின்னால் சுவர் இல்லை. கல்லெல்லாம் உருண்டு கடலுக்குள் கிடக்கிறது. அலை வந்து மோதுவது எங்கள் சமையற்கட்டுச் சுவரில். மாதாவே! ஊர்த் தலைவர் தாண்டவராயன் அதிகாரிகளிடம் ஓடி, மன்றாடி, குவாரியிலிருந்து மூன்று லாரி கல்லுக்கு உத்தரவு வாங்கிவிட்டார். உத்தரவு வருவதற்குள் இவரும் குவாரிக்குப் போய் மூன்று லாரியையும் ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதல் லாரி இவருடையது.

தாண்டவராயன் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"பிரகாசு, உத்தரவு வந்துடுச்சு. கல்ல எட்த்துக்கினு பாலத்தாண்ட வந்துடு. ஜல்தி, ஜல்தி! அங்க மண்ணெல்லாம் அரிச்சிக்கினு போவுது..."

அதற்குள் டவர் போய்விட்டது.

இனி இவர் பக்கம். குவாரியில் காலையிலிருந்து எல்லாருக்கும் ஒரே பேச்சு. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ரயில் பாலத்தை வெள்ளம் அரித்துவிட்டது, ரயில்கள் அங்கங்கே நிற்கின்றன என்று. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தவரின் காதில் "பாலம்", "மண்ணு அரிக்குது", "ஜல்தி" என்று விழுந்தால் என்ன ஆகும்? கண்டாச்சிபுரத்துக்காரருக்குப் பாலம் என்றால் ரயில் பாலம்தான். கிழக்கே திரும்ப வேண்டிய ஆள் மேற்கே திரும்பினார். பின்னால் இரண்டு லாரிக்காரர்களும் ஒரு கேள்வி கேட்காமல் தொடர்ந்து போனார்கள். நல்ல கூட்டணி!

நாங்கள் கரையில் நிற்கிறோம், லாரி வரவில்லை. குளியலறை போனது. என் மகள் மெர்லினும் நானும் அரிசி மூட்டை, டிவி, மாதா சுரூபம் எல்லாவற்றையும் எடுத்து எதிர் வீட்டில் வைத்தோம். ஒரு வழியாக இவர் போன் வந்தது. குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஜாக்குலின், மூணு லோடும் எறக்கியாச்சு! ரயில்வே ஆளுங்க டீ, பன்னுல்லாம் வாங்கிக் குடுத்தாங்க."

"ரயில்வேயா? இன்னாய்யா சொல்ற? கேப்பையில நெய் வடியுதுன்றியே! கடலாண்ட ஏதுய்யா ரயிலு?"

அந்தப் பக்கமிருந்து, "அப்போ... இந்தப் பாலம் இல்லியா?" என்றார்.

வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். அச்சில் போடக்கூடியது ஒன்றுகூட இல்லை. "அங்கியே இரு, வர்றேன்" என்று தாண்டவராயனின் மீன் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவருக்கும் ஒரு திட்டு விட்டேன்: "உன் வாயில கடல் பாலம்னு ஒரு வார்த்த வராதா அண்ணே?" அவர், "நம்மளுக்கு இருக்கிறதே ஒரு பாலம், அதுக்கு இன்னாத்துக்கும்மா பேரு?" என்றார். ரோடெல்லாம் தண்ணீர். மயிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். வழி முழுக்க ஒரே எண்ணம்தான். கல்லைத் திரும்ப அள்ளி ஏற்றாமல் வரப்போவதில்லை.

போய் இறங்கினேன். அங்கே கண்ட காட்சியில் என் வாய் ஒரு கணம் மூடிக்கொண்டது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. கட்டைகளோடு சேர்ந்து கொடிக்கம்பியில் போட்ட துணி மாதிரி தொங்குகிறது. கீழே செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. மார்பளவு தண்ணீரில் தண்டவாள வேலை பார்க்கும் கேங்மேன்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று மணல் மூட்டை அடுக்குகிறார்கள். முழங்காலுக்கு மேல் நனையாத என் வீட்டுக்காரர் அந்த வரிசையில் நெஞ்சுவரை தண்ணீரில் நின்று மூட்டை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாய் மூடியிருந்தது ஒரு கணம்தான். "யாருங்க இங்க பெரியவரு? எங்க கல்ல யாரக் கேட்டு கொட்டிக்கினீங்க?" என்று கத்தினேன்.

இடுப்புவரை சேறாக ஒருவர் மேலே ஏறி வந்தார். இன்ஜினீயர் முத்துசாமி என்றார்கள். கத்திக் கத்தி அவருக்குத் தொண்டையே போயிருந்தது.

"மூணு லாரியும் உங்களுதாம்மா? நாங்க கேட்ட கல்லுதான் வந்துடுச்சுன்னு நெனச்சு எறக்கச் சொல்லிட்டேன். தப்பு என் மேலதான். வண்டிய நிறுத்தி யார் அனுப்பினதுன்னு கேட்டிருக்கணும்." கையைக் காட்டினார். "அந்தத் தூண் பக்கம் பாருங்கம்மா. உங்க கல்லு அந்த நேரத்துக்கு வரலைன்னா அந்தக் கரையும் போயிருக்கும். பாலமே சாய்ஞ்சிருக்கும்."

பார்த்தேன். எங்கள் கல் எல்லாம் தண்ணீருக்கடியில், கரைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. இனி அது கடலில் கரைத்த பெருங்காயம்தான். திரும்ப எடுத்தால் கரை போய்விடும் என்பது எனக்கே தெரிந்தது. கோபம் எங்கேயோ போய், அழுகை வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

"சார், எங்க வூடு கடலாண்ட, குப்பத்துப் பாலத்தாண்ட கீது. சமையக்கட்டு வரைக்கும் அலை வந்துடுச்சு. எங்கப்பா கட்டின வூடு சார் அது. பொண்ணு தனியா நிக்கிறா."

அந்த நேரம் பார்த்து ஒரு கேங்மேன் ஓடிவந்தார். "சார், நம்ம கல்லு வண்டிங்க மூணும் கூட்டேரிப்பட்டாண்ட வந்துடுச்சாம் சார்!"

எல்லாரும் கைதட்டினார்கள். முத்துசாமி மட்டும் தட்டவில்லை. எதிர்க்கரை இன்னும் காலியாகக் கிடந்தது. அந்தக் கல் வந்தால் மறுநாளே ரயில் ஓடும் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். குவாரி ரோட்டில் தண்ணீர் ஏறிவிட்டதால் அதற்கு அடுத்த லோடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வாயாடி என்று பேர் எடுத்தவள் நான். ஆனால் அந்தக் கல்லை எந்த முகத்தோடு கேட்பது? ஸ்டேஷன்களில் குழந்தை குட்டிகளோடு ஜனம் கிடக்கிறது என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தவள்தானே நான்.

அவர் தொங்கிக்கொண்டிருந்த தண்டவாளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போனை எடுத்தார்.

"மூணு வண்டியையும் அங்கேயே கிழக்கே திருப்பு. மயிலம் வழியா. நேரா பாலத்துக்குப் போகச் சொல்லு."

"கடல் பாலம்!" என்று நான் கத்தினேன். "கடல் பாலம் சார், கடல் பாலம்!" என்று தாண்டவராயன் கத்தினார். தண்ணீருக்குள்ளிருந்து என் வீட்டுக்காரர், "சார், குப்பத்துப் பாலம்! இந்தப் பாலம் இல்ல!" என்று அலறினார். அந்தச் சேற்றிலும் கேங்மேன்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

நான் முத்துசாமியைப் பார்த்துக் கும்பிட்டேன். "சார், உங்க ரயிலு?"

"ஒரு நாள் லேட்டா ஓடும்மா. ஓடாமயா போயிடும்? வீடு போனா திரும்ப வருமா? கிளம்புங்க, நிக்காதீங்க."

இவர் ஈரத் துணியோடு தம் லாரியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். கூட்டேரிப்பட்டில் அந்த மூன்று லாரியையும் பிடித்து, ரோடு தெரியாத இடத்திலெல்லாம் இறங்கி நடந்து ஆழம் பார்த்து, ஒரு இடத்தில்கூடத் தப்பாகத் திரும்பாமல் குப்பத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். வெளிச்சம் இருக்கும்போதே முதல் கல் விழுந்தது. பெண்கள், கிழவர்கள், எல்லாரும் வரிசையாக நின்று சின்னக் கல்லைக் கைமாற்றினோம். சமையற்கட்டு எங்கள் கண் முன்னாலேயே சரிந்து கடலுக்குள் போனது. மெர்லின் அலறினாள். அடுத்த அலை கொட்டிய கல்லில் மோதித் திரும்பிற்று. அதற்கடுத்ததும் திரும்பிற்று. வீடு நின்றது. இவர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

தண்டவாளம் சரியாகி ரயில் விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், எதிர் வீட்டு அடுப்பில் பெரிய குண்டான் நிறைய மீன் குழம்பு வைத்தேன். சோறும் வறுத்த மீனும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அந்தப் பாலத்துக்குப் போனோம். முத்துசாமி போனில் யாரிடமோ, "ஆமா சார், ஒரு நாள் தள்ளிப்போச்சு சார். கல்லு வர லேட்டாயிடுச்சு. என் பொறுப்புதான் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் ரயில் திண்டிவனத்துப் பக்கமிருந்து வந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். கேங்மேன்கள் ஓரமாக ஒதுங்கி, மூச்சுவிடாமல் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் கல் மேல் ரயில் ஏறிற்று. கரை அசையவில்லை. பெட்டி பெட்டியாகக் கடந்து போகும்போது படிக்கட்டில் நின்ற ஒரு ஆள், சட்டை மடிப்புக் கலையாத ஆள், முத்துசாமியைப் பார்த்துக் கத்தினார்.

"இத்துனூண்டு பாலம்! இத ரிப்பேர் பண்ண இத்தினி நாளாய்யா? நேத்தே விடறோம்னு சொன்னீங்களே, அந்த ஒரு நாளு இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க, தூங்கினீங்களா?"

முத்துசாமி பச்சைக் கொடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். தூங்காத கண், சிவந்து கிடந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. குண்டானை என் வீட்டுக்காரர் கையில் திணித்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஜல்லிக் கல் காலைக் குத்தக் குத்த, அந்தப் பெட்டியோடு கூடவே ஓடினேன்.

"யோவ்! அந்த ஒரு நாளு இன்னான்னு கேக்குறியா? அது என் வூடுய்யா! கேட்டுதா? அந்த ஒரு நாளு என் வூடு!"