பூஜையில் கருகிய ரப்பர்

நானும் என் கணவரும் ஏரியில் மீன் பிடிப்பவர்கள். பழைய படகு மோட்டார் ஒன்றை நான்தான் பார்த்து வாங்கினேன். அடி அண்ணாமலைக் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் வைத்து, தரையிலேயே அதை ஓட விட்டோம்.

மறுநாள் ஏரியின் நடுவே மோட்டார் கொதித்துப் புகைந்தது. சூட்டைத் தணித்துவிட்டு மோட்டாரின் பக்கவாட்டுத் துளையில் பீய்ச்ச வேண்டிய ஏரித் தண்ணீர் வரவில்லை. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்து, மோட்டாரை மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம்.

"பொம்பள பாத்து வாங்கினா இப்படித்தான். எடைக்குப் போட்டுடுங்க" என்றார் மெக்கானிக்.

"முதல்ல கழட்டிக் காட்டுங்க" என்றேன்.

கழற்றினால், தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் சக்கரம் கருகிக் கிழிந்திருந்தது.

"தண்ணி இல்லாம ஓட்டினீங்களா?"

"பூஜையில ஓட்டினோம்."

"படகு மோட்டாருக்கு எதுக்கும்மா பூஜை?"

"உங்க பைக்குக்கு எதுக்குங்க?"

கிழிந்த துண்டுகளைப் பொருத்திப் பார்த்தேன். ஒன்று குறைந்தது. குழாயில் சிக்கியிருந்த அதையும் எடுக்கவைத்த பிறகே புதுச் சக்கரத்தை மாட்டவிட்டேன். மோட்டார் இன்றும் ஓடுகிறது.

பூஜையை நான் விடவில்லை. கற்பூரமும் எலுமிச்சம்பழமும் உண்டு. மோட்டாரின் அடிப்பாகம் மட்டும் இப்போது தண்ணீர் நிரம்பிய டிரம்முக்குள் நிற்கும். பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீய்ச்சிய பிறகுதான் தேங்காய் உடைப்பேன்.