சாஸர் ஓரத்து மாத்திரை

கதவைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறும். அதன் பின்னாலேயே, எதிரில் இருந்த தொழிற்சாலையில் வாடப் போட்ட தேயிலைக் கொழுந்தின் வாசனை. எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியை நினைத்தால் இரண்டும் சேர்ந்துதான் வருகின்றன.

என் கணவர் அங்கே டிரஸர். டவுன் டாக்டர் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் இவர்தான். நான் டிரஸரம்மா. எஸ்டேட்டுக்குப் பக்கத்து டவுனான தானா ராத்தா மார்க்கெட்டில் இன்றும் எனக்கு அதுதான் பெயர்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால், போன வாரம் கிளினிக்கில் ஒரு சின்னப் பெண், டாக்டர், என் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லிவிட்டாள். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அது வெறும் மாத்திரை இல்லை. "இருதய நோய் வராம தடுக்கும்" என்று முந்திய டாக்டர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து, காலைத் தேத்தண்ணியை என் கணவர்தான் கொண்டுவருவார். சாஸர் ஓரத்தில் மாத்திரை இருக்கும். நான் விழுங்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். அவர் போன பிறகு நானே கலக்கி, நானே ஓரத்தில் வைத்து, நானே விழுங்குகிறேன். ஒரு நாள் தவறியதில்லை.

"இது இனிமே வேணாம் ஆன்ட்டி. கைட்லைன் மாறிடுச்சு."

"அது அறிவிப்பும்மா. நான் கேட்டது காரணம்."

அவள் கணினித் திரையை விட்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் ஒண்ணும் வந்ததில்ல. வந்தவங்க இதை நிறுத்தவே கூடாது. வராதவங்களுக்கு, உங்க வயசுல, பலனைவிட ரத்தக் கசிவு ஆபத்துதான் அதிகம்னு இப்போ தெரிஞ்சிருக்கு."

இப்போது தெரிந்திருக்கிறதாம். இதே போலத்தான் முட்டையின் மஞ்சள் கருவை என் தட்டிலிருந்து எடுத்தார்கள்... பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். வெண்ணெயை விட்டு மார்ஜரினுக்கு மாறச் சொன்னார்கள். மாறிய பிறகு மார்ஜரின் கெடுதல் என்றார்கள். நான் என்ன, கட்டளைக்கு வலமும் இடமும் திரும்பும் பட்டாளமா?

"அப்போ இத்தனை வருஷம் நான் சாப்பிட்டது?" என்றேன்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. இந்தக் கேள்வியை நான் முன்பே கேட்டிருக்கிறேன், வேறொருத்தி வாயிலிருந்து.

அந்தக் காலத்தில், வயிற்றுப்போக்கு என்றால் குழந்தையின் வயிற்றைக் காயப்போட வேண்டும், தண்ணீரும் கொடுக்கக் கூடாது. என் கணவர் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லைன் லைனாகப் போய் அப்படித்தான் சொன்னார். பிறகு ஒருநாள் டவுன் டாக்டர் வந்து தலைகீழாக மாற்றினார். உப்பும் சீனியும் அளவாகக் கலந்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது என்றார்.

மறுநாள் பெரட்டில், வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடும் இடத்தில், இவர் வாளியில் கலக்கிக் காட்டினார். எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுக்குப் போய் அத்தனை பேரும் அதைத் தேத்தண்ணியில் கலந்தார்கள்! எங்கள் லைன்களில் குடிப்பதற்கு அடுப்பில் வைத்த தண்ணீரைத் தேயிலைத்தூள் போடாமல் இறக்கும் வழக்கமே கிடையாது. உப்புக் கரிக்கும் கறுப்புத் தேத்தண்ணியை எந்தக் குழந்தை குடிக்கும்?

"வெறுந்தண்ணிய கொதிக்க வச்சு என்னா பண்றது டிரஸரய்யா, குளிக்கவா?" என்றாள் ஒருத்தி.

இவர் அடுப்படி அடுப்படியாகப் போனார். தூள் டப்பாவைத் தூரத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி கலக்கிக் காட்டினார். எனக்குத்தான் பொறுமை இல்லை, கூடவே போய் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

கொழுந்து பறிக்கும் முனியம்மா வீட்டில்தான் அது நடந்தது. மடியில் நோயால் துவண்ட கைக்குழந்தை. மூத்தவனை அதற்கு முந்திய வருடம் இதே வயிற்றுப்போக்கில் பறிகொடுத்திருந்தாள்.

"போன தடவ என் மூத்தவன் தண்ணி தண்ணின்னு அழுதான். குடுக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான் வாசலில் நின்றிருந்தேன். டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன் என்று இவர் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட.

"ஆமாம்மா. நான்தான் சொன்னேன். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது அது. அது தப்பு. இவனுக்குக் குடு."

கரண்டியை அவள் கையில் கொடுத்தார். குழந்தை குடித்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

அந்தக் குழந்தை இன்று கம்போங் ராஜாவில் காய்கறி லோரி ஓட்டுகிறான். மீசை நரைத்துவிட்டது.

கிளினிக்கில் என் கேள்விக்கு வந்த பதில் இது: "அப்போ எல்லாரும் அப்படித்தான் குடுத்தாங்க லா, ஆன்ட்டி." சொல்லும்போதே அவள் கண் திரைக்குத் திரும்பிவிட்டது. எல்லாரும் என்றால் யார்? நான் படித்த கான்வென்டில் இப்படிப் பதில் சொன்னால் சிஸ்டர் பெஞ்சு மேல் நிற்க வைத்திருப்பார்.

அவள் படித்தது புதிது, சொன்னதும் சரி. அதை நான் மறுக்கவில்லை. அன்று மருந்து மாறினால் அதைச் சொல்ல ஓர் ஆள் வீட்டுக்கு வந்தார், திட்டு வாங்கினார், உட்கார்ந்திருந்தார். இன்று திரையில் ஒரு வரி மாறுகிறது. அவ்வளவுதான்.

இவர் இருந்திருந்தால் அந்தப் பெண்ணிடம் இரண்டு கேள்வி கேட்டிருப்பார். மறுநாளே மாத்திரையை நிறுத்தியும் இருப்பார். எனக்குத் தெரியும்... அதனால்தான் நானும் நிறுத்திவிட்டேன்.

இன்று காலை தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சாஸர் ஓரம் காலி. குடிக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆறிவிட்டது.

விழுங்க ஒன்றுமில்லை என்றால், அவர் எதற்காகப் பக்கத்தில் நிற்கப் போகிறார்?