கண்ணாயி முகர்ந்த மூன்று புட்டிகள்

மலைமேல் திருப்புலி நாட்டுக் கண்ணாயி, புருஷன் காய்ச்சலில் போன பிறகு அண்ணன் அண்ணாமலையின் வீட்டோடு வந்துவிட்டாள். பகலில் காப்பித் தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல். முதல் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. துரை ஸ்காட்லாந்துக்காரர், தனியாள். மலையில் வெகுகாலம் இருந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார்.

ஐப்பசி மழையில் குதிரை வழுக்கி, துரையின் பின்மண்டை பாறையில் மோதியது. காயம் ஆறிவிட்டது, மூக்குதான் செத்துப்போனது. காப்பி வறுபடும் மணமும் தெரியவில்லை, சாணத்தின் நாற்றமும் தெரியவில்லை.

அந்த வேளையில்தான் அவர் தம்பி ஸ்காட்லாந்திலிருந்து அனுப்பிய பெட்டி அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தலைச்சுமையாக வந்தது. வைக்கோலுக்குள் மூன்று விஸ்கிப் புட்டிகள். மூன்றும் முளைகட்டிய பார்லியில் காய்ச்சியவை, வேறு வேறு ஊர்ச் சரக்கு. மரப்பீப்பாயில் ஒன்று இருபது வருஷம் கிடந்தது, ஒன்று பதினைந்து, ஒன்று பத்து. துரை மூன்றையும் ஊற்றி மாற்றி மாற்றி முகர்ந்தார். பிறகு மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

சோறு கொண்டுவந்த கண்ணாயி பதறிப்போனாள். "ஏனுங்க தொரை, ஒடம்புக்கு ஆவலீங்களா?"

"மூணும் எனக்குப் பச்சைத் தண்ணி, கண்ணாயி. நீ மோந்து பாத்துச் சொல்றியா? குடிக்க வேண்டாம்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இருபது வருஷத்தை எடுத்தாள். "பலாப்பழமுங்க. ரெண்டு நாள் கூடப் பழுத்தது."

அடுத்தது பதினைந்து. "இது தேனுங்க. எங்கியோ வெச்சு மறந்துபோன பழைய தேனு."

மூன்றாவதற்கு முகம் சுளித்தாள். "ஒரே பொகைங்க, ஈர வெறகு பொகையற மாதிரி. அதுக்குள்ள கருவாட்டுக் கூடை. உப்புக்காரரு கீழிருந்து கொண்டாருவாருங்களே, அந்த வாசம்."

துரை நிமிர்ந்தார். அது அவர் பிறந்த தீவில் காய்ச்சியது. அங்கே சதுப்பு மண்ணை வெட்டி உலர்த்தி அடுப்பெரிப்பார்கள். வாசலில் மீன்வலை காயும். கண்ணாயி கடலையே பார்த்ததில்லை.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார். அவள் சொல்லச் சொல்ல ஒரு வாய் குடித்தார். கண் கலங்கிவிட்டது.

அதிலிருந்து ஞாயிறு மத்தியானம்தோறும் இது நடந்தது. நாளாக ஆகக் கண்ணாயி நாக்கிலும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள். வயசு ஏறினால்தான் ருசி என்று துரை வாதாடுவார். பதினைந்துதான் ஒசத்தி என்று அவள் விடமாட்டாள். ஒரு பொருள் உனக்கு எப்படி இருக்கிறது என்று அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. ஞாயிறு எப்போது வரும் என்றிருந்தது.

பேச்சு ஊருக்குள் வந்துவிட்டது.

"நாக்குல வெச்சியா, இல்லியா?" என்று அண்ணாமலை கேட்டான்.

"வெச்சேன். ஒரு சொட்டு."

"நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. இனிமே அங்க போவாத."

அவள் போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள், அண்ணனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த மாசம் பங்களாவுக்கு மிளகு கொடுக்கப் போன அண்ணாமலை வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டான். துரை கட்டிலில் சுருண்டு கிடந்தார். புதுச் சமையல்காரன் வைத்த கறிக்குழம்பு ஊசிப்போயிருக்கிறது; அது தெரியாமல் அதையே தின்று வாந்தி எடுத்திருக்கிறார். அண்ணாமலை வீட்டைக் கழுவிவிட்டு, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, அந்தியில் வீடு திரும்பினான்.

"கண்ணு, அந்த மனுசன் ஊடு நாறிக் கெடக்குது, அவருக்கே தெரியலெ. காலையில நீ போ."

"ஊரு பேசுமே?"

"பேசட்டும். நானும் கூட வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை அவனும் வந்து உட்கார்ந்தான். தீவுச் சரக்கை ஒரு வாய் வைத்தவன், வெளியே ஓடித் துப்பினான். "இதைப் போயா பத்து வருசம் காத்தாங்க!" துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

யுத்தம் வந்து கப்பல் நின்றது. அதுவரை தம்பி அனுப்பிவந்த புட்டிகள் அதன் பிறகு வரவில்லை. சோறு குழம்பு எல்லாவற்றையும் கண்ணாயி முகர்ந்து பார்த்து, "கெடலீங்க, உங்கலாமுங்க" என்று சொன்ன பிறகுதான் துரை தட்டில் கை வைப்பார். ஞாயிறுகளில் மலைத்தேனும் காப்பியும் மேஜைக்கு வந்தன. காப்பி என்றால் அண்ணாமலையும் ஒரு வாய் குடித்துவிட்டு ருசி சொல்வான்.