வைரவர் வடையும் டொமியும்

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்குக் காவலிருந்தவர் மெலிந்த மனிதர். பால் விடாத பிளேன்டீயோடு கிடைக்கும் ஒரு பிஸ்கட்டைப் பத்தாக உடைத்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். என் நாய் டொமி கை கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு கொடுப்பார்.

"படியேறவே அவனுக்கு மூச்சு வாங்குது. இனிக் குடுக்காதேங்கோ ஐயா," என்று ஒரு வெள்ளிக்கிழமை பயத்தில் சண்டைக்குப் போனேன்.

"நாள் முழுக்க ஒரு பிஸ்கட்தான் அம்மா. உங்கட கையில என்ன?"

வைரவருக்குப் படைத்த ஐந்து வடைகள். நாய் வைரவரின் வாகனம் என்று வெள்ளிதோறும் எல்லாவற்றையும் டொமிக்கே போடுவேன்.

அவர் ஒன்றில் நகத்தளவு கிள்ளிக் கொடுத்தார். டொமியின் வால் அதற்கும் அதே ஆட்டம் ஆடியது.

"அவனுக்கு இவ்வளவு காணும். மிச்சத்தை நான் சாப்பிடட்டோ?"

ஐந்தும் நொடியில் முடிந்தன.

நகத்தளவு வடையோடு நிறுத்தியதில் டொமி இப்போது மூச்சு வாங்காமல் படியேறுகிறான். அவர் வேலை மாறிப் போய்விட்டார். சாப்பிட்டீர்களா என்று அவரை ஒருநாளும் கேட்காததுதான் இப்போது என் கவலை.