பதினாறு காட்சி ஓடிய கழுதை

இரவல் படச்சுருள் விதிகளில் ஒன்பதாவது விதிதான் இங்கே பொருந்தியிருக்க வேண்டும். படநூலகத்திலிருந்து பெற்ற சுருளை ஏழு நாட்களுக்குள் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஒரு முகாமில் ஐந்து காட்சிகளுக்கு மேல் ஓட்டக் கூடாது. தாமதத்துக்கு வெள்ளம், போர், கொள்ளைநோய் என்ற மூன்று காரணங்கள் மட்டுமே ஏற்கப்படும். விதியை எழுதியவர் போர் வரைக்கும் யோசித்திருக்கிறார். வெட்டிச் சாய்த்த புளியமரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே கிடக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. முப்பத்தாறு ஆண்டு அரசுப் பணியில் நான் படித்த விதிகளை அடுக்கினால் ஒரு பீரோ நிறையும். அவற்றில் பலவற்றை ஓய்வு பெற்ற மறுநாளே மறந்துவிட்டேன். இந்த ஒன்பதாவது விதி மட்டும் வரி பிசகாமல் நினைவில் இருக்கிறது. காரணம் ஒரு கழுதைக்குட்டி.

அதை நான் முதலில் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. வடக்கனந்தலில் எங்கள் தெருக்கோடிப் பொட்டலுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை சாம்பல் நிற அரசு வேன் ஒன்று வரும். இரண்டு மூங்கில்களுக்கு நடுவே வெள்ளைத் திரையைக் கட்டுவார்கள். முதலில் பெரிய மனிதர்கள் அடிக்கல் நாட்டுவார்கள். பிறகு அணைகள் திறக்கப்படும். பூச்சிமருந்து தெளிக்கும் முறை விளக்கப்படும். இத்தனையையும் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கடைசியில் கார்ட்டூன் வரும். சலவைத் தொழிலாளி ஒருவரின் கழுதைக்குட்டி. ஊரில் மழை இல்லை, துவைக்கத் தண்ணீர் இல்லை. தொலைவில் மலை உச்சியில் ஒரு மேகம் தெரிகிறது. குட்டி துணி உலர்த்தும் கயிற்றை அவிழ்த்து வாயில் கவ்விக்கொண்டு மேகத்தைக் கட்டி இழுத்துவரக் கிளம்புகிறது. அதன் முதுகில் ஒரு தவளை ஏறிக்கொள்கிறது. இழுத்து வருகிற வழியெல்லாம் மேகம் சொட்டிச் சொட்டிச் சிறுத்துக்கொண்டே போகும். ஊருக்கு வந்து சேரும்போது கைக்குட்டை அளவுதான் மிச்சம் இருக்கும். குட்டி அழும். அழுதபடி திரும்பிப் பார்த்தால், வந்த வழி முழுவதும் பச்சைப் பசேலென்று ஆகியிருக்கும். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். அதற்குப் பிறகு நான் பார்த்த எந்தப் படமும் அந்த இருபத்திரண்டு நிமிடத்துக்கு ஈடாகவில்லை. அவற்றில் பல அகலத்திரையிலும் சில முப்பரிமாணத்திலும் இருந்தன.

படத்தைவிடப் பெரியது அதன் குரல். ஆபரேட்டர் பாய் வேனின் படிக்கட்டில் மைக்குடன் உட்கார்ந்திருப்பார். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. அண்ணன்மார் இருவரும் கல்லாவில் உட்கார, இவர் மட்டும் கடையை விட்டுவிட்டு ‘படம் காட்டப் போனவர்’ என்று வீட்டிலேயே கேலிக்கு ஆளானவர். வடக்கிலிருந்து வந்த அந்தப் படம் இந்தி பேசும். காட்சிக்கு முன் ஆபரேட்டர் கதைச்சுருக்கத்தை உள்ளூர் மொழியில் சொல்ல வேண்டும் என்பது விதி. பாய் விதியைக் கொஞ்சம் விரிவாக எடுத்துக்கொண்டார். படத்தின் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, கழுதை, மேகம், சலவைத் தொழிலாளி, தவளை நான்கு பேருக்கும் அவரே பேசுவார். தவளை பேசினால் அது வாரச்சந்தை மாட்டுத் தரகர் பேசுவதுபோலவே இருக்கும். “இன்னாடா கழுத, எங்க போய்க்கினு இருக்கற? மேகத்தப் புடிக்கவா? அட்வான்ஸ் குடுத்தியா, இல்ல சும்மா இழுத்துக்கினு வந்துடலாம்னு பாக்கறியா?” பொட்டலே குலுங்கும்.

இனி எண்பத்தேழு, புரட்டாசி. நான் அதே வேனில் இளநிலை உதவியாளர்; வேலையில் சேர்ந்து நான்கு மாதம். பாய்க்கு ஓய்வு பெற ஐந்து மாதம் பாக்கி. கரியாலூர் உண்டு உறைவிடப் பள்ளியில் இரண்டு நாள் முகாம் என்று மலை ஏறினோம். இரண்டாம் நாள் இறங்கும் வழி அடைபட்டது. கீழே இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். மரங்கள் சாய்ந்தன, பேருந்துகள் நின்றன, உயிர்களும் போயின. அதை அனுபவித்தவர்கள் எழுதுவதுதான் நியாயம். எங்களுக்கு மலைமேல் வந்து சேர்ந்தது வானொலிச் செய்தியும், நடந்தே ஏறி வந்தவர்கள் சொன்ன பேச்சும்தான். எங்களிடம் இருந்தவை ஒரு வேன், ஒரு புரொஜக்டர், பூச்சிமருந்துப் படம் ஒன்று, கழுதைப் படம் ஒன்று. வீட்டுக்குப் போக முடியாத நூறு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் பலருடைய அப்பாக்கள் கூலி வேலைக்குக் கீழே போய் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது காட்சி. பெரும்பாலும் அது காலை பதினொரு மணிக்கு வந்தது. சன்னல்களில் விடுதிக் கம்பளிகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டு வகுப்பறையை இருட்டாக்கினோம். பதினான்கு ஆண்டுகள் கழித்து என் கழுதையைப் பார்க்கப் போகிறேன் என்று நான் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தேன். கழுதை இடப்பக்கமிருந்து வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பாய், சுருளைத் திருப்பி மாட்டிட்டீங்க. கழுதை வலப்பக்கமிருந்துதான் வரும்” என்றேன். புதிதாக வேலைக்கு வந்தவனின் தன்னம்பிக்கை. பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வடக்கனந்தல்ல நீ எங்க உக்காந்து பாத்த?” “திரைக்குப் பின்னாடி. முன்னாடி இடம் கிடைக்காது.” மைக்கை மூடக்கூட இல்லை அவர். “கேட்டுக்குங்க பசங்களா, நம்ம கிளார்க்கு சார் படத்தோட முதுவப் பாத்தவரு!” அன்று முழுவதும் பள்ளியில் எனக்கு அதுதான் பெயர். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த படத்தை நான் தலைகீழாக அல்ல, பக்கம் மாற்றிப் பார்த்திருந்தேன் என்று அந்த வயதில் தெரிந்துகொண்டேன். ஆனால் இன்றைக்கும் கண்ணை மூடினால் அது வலப்பக்கமிருந்துதான் வருகிறது.

மூன்றாம் நாள் பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் மின்சாரம் வந்துவிட்டது. பிள்ளைகள் காத்திருக்க மறுத்தார்கள். நான் புரொஜக்டரை ஓட்டினேன். தவளையாகப் பேசும் தைரியம் எனக்கு இல்லாததால் ஒலியைத் திறந்துவிட்டேன். கனத்த ஆண்குரல் ஒன்று இந்தியில் பேச ஆரம்பித்தது. எங்கள் ஊரில் வெளியே சொல்லிக்கொள்ளாத அளவுக்கு எனக்கு இந்தி தெரியும். அந்த மனிதர் மண் அரிப்பைப் பற்றியும் தடுப்பணைகளின் நன்மைகளைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். கழுதைக்கு வசனமே இல்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து நின்றாள்.

“சார், அந்த ஆள நிறுத்துங்க சார்.”

“அவர்தாம்மா படம்.”

“இல்லீங்க. அவரு யாரோ. நம்ம தவளையப் பேச வுடமாட்டேங்கறாரு.”

நான் நிறுத்தினேன். எட்டு வயதிலிருந்து நான் நேசித்த படம் எந்தச் சுருளிலும் இல்லை, அது தொழுது முடித்துக் கை துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்த ஒருவரின் தொண்டையில் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. வருத்தமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை. சென்ற மாதம் என் பேத்தி கைபேசியில் ஏதோ கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை மொழி வேண்டுமானாலும் ஒரு விரலில் மாறுகிறது. ஒலியை அணைத்துவிட்டு அதில் வந்த நாய்க்கு நான் மாட்டுத் தரகர் குரலில் பேசிப் பார்த்தேன். அவள் மரியாதையாகக் கடைசிவரை கேட்டாள். பிறகு, “தாத்தா, உங்க நாய் ரொம்ப வம்பு பேசுது. இன்னொரு வாட்டி” என்றாள். துறை எனக்கு அளித்த எந்தப் பாராட்டுச் சான்றிதழும் இதற்கு நிகரில்லை.

காட்சிக்குக் காட்சி பாய் வசனத்தை மாற்றினார். ஒருநாள் மேகம் விலை பேசியது. ஒருநாள் கழுதை வழியில் மறியலில் மாட்டிக்கொண்டு, “கொஞ்சம் வழி வுடுங்கண்ணே, மேகம் கரைஞ்சிக்கினு இருக்குது” என்று கெஞ்சியது. அன்று அப்பாவுக்காகக் காத்திருந்த பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளும் பெரியவர்களும் நடந்து வந்தார்கள். மறியல் முடிந்து, சாய்ந்த மரங்களை அகற்றிப் பாதை திறந்து நாங்கள் இறங்கியபோது பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பதினாறு காட்சிகள் ஓடியிருந்தன. சுருள் அறுந்த மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தோம்.

இதுவரை எதுவும் கெட்டுப்போகவில்லை. பாய் செய்த தவறு அதற்குப் பிறகுதான். காட்சிப் பதிவேட்டில் அவர் பதினாறு என்று எழுதினார். மாநிலத்திலேயே அந்தப் பதிவேட்டை நிரப்பிய எந்த ஆபரேட்டரும் ஐந்தைத் தாண்டி எழுதியதாக நான் பின்னாளில் பார்த்ததில்லை. ஐம்பது முறை ஓட்டினாலும் ஐந்துதான். ஒட்டுப் போட்டதையும் எழுதினார். பார்வையாளர் கருத்து என்ற பத்தியில் மற்றவர்கள் ‘பயனுள்ளதாக இருந்தது’ என்று எழுதுவார்கள். இவர், ‘தவளை பேசறது நல்லாருக்குது, நாளைக்கும் போடுங்க’ என்று எழுதினார்.

மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து குறிப்பாணை வந்தது. தாமதம், அளவு மீறிய காட்சிகள், சுருள் சேதம். பதினைந்து நாளில் விளக்கம் தேவை. ஓய்வு பெறும் நாளில் இது நிலுவையில் இருந்தால் ஓய்வு பெற விடமாட்டார்கள், ஓய்வூதியமும் நின்றுவிடும். முப்பத்திரண்டு ஆண்டு வேனில் சுற்றியவர் அண்ணன் கடையில் போய் உட்கார வேண்டும். மூத்த அண்ணன் எங்கள் அலுவலகத்துக்கே வந்து விசாரித்தார். “இன்னாடா, கழுதையோட குடித்தனம் முடிஞ்சுதா? துணி அளக்கற மீட்டர் கட்டை உனக்காகத்தான் காத்துக்கினு இருக்குது.” அவர் போன பிறகு பாய் என்னிடம், “அந்தக் கட்டையப் புடிக்கறதுக்குப் பதிலா நான் கரியாலூர்லயே கம்பளி கட்டிக்கினு இருந்திருப்பேன் தம்பி” என்றார். அன்று அவர் குரலில் கழுதையும் இல்லை, தவளையும் இல்லை.

விளக்கம் எழுதும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். தாமதத்துக்கு வெள்ளம் என்று எழுதிவிடலாம் என்றேன். சென்னையில் யார் மழைமானியைப் பார்க்கப் போகிறார்கள்? பாய் ஒப்புக்கொள்ளவில்லை. “மழையே பெய்யலியே. வெள்ளம்னு எழுதுனா அந்தக் கழுத நம்மளப் பாத்துச் சிரிக்கும்.” ஆகவே விதியை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். ‘முகாம்’ என்றால் என்னவென்று விதியில் எங்கும் விளக்கம் இல்லை. ஒவ்வொரு நாளும் வெவ்வேறு குடியிருப்பிலிருந்து மக்கள் வந்தார்கள். ஆகவே ஒவ்வொரு நாளும் தனி முகாம். ஆகவே எந்த முகாமிலும் காட்சிகள் ஐந்தைத் தாண்டவில்லை. தாமதத்துக்குச் சாலை மறியல் என்ற உண்மையை எழுதி, அது போரிலும் கொள்ளைநோயிலும் சேராது என்பதைப் பணிவுடன் ஒப்புக்கொண்டேன். பள்ளித் தலைமையாசிரியர் பேருந்து நடத்துநர் வழியாக ஒரு கட்டு காகிதம் கொடுத்தனுப்பியிருந்தார். பிள்ளைகள் வரைந்த நாற்பத்து மூன்று படங்கள். இணைப்புகளுக்கு விதியில் உச்சவரம்பு இல்லை. அத்தனையையும் வரிசை எண் போட்டு விளக்கத்தோடு தைத்து அனுப்பினேன்.

பதில் வரவில்லை. நினைவூட்டு ஒன்று, இரண்டு, மூன்று அனுப்பினேன். பொங்கல் போயிற்று. பிப்ரவரி கடைசி வாரம் அண்ணன் கடையில் பாய்க்கு ஒரு முக்காலி போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. அவருடைய கடைசிப் பணிநாள் அந்த மாதத்தின் கடைசி நாள்; அது லீப் ஆண்டு, அவருக்கு ஒரு நாள் கூடுதல். காலையிலிருந்து அவர் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாலை வாங்கி வைப்பதா வேண்டாமா என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. வாங்கினால் குத்திக்காட்டுவதுபோல் ஆகும், வாங்காவிட்டால் கைவிட்டதுபோல் ஆகும்.

மூன்றரை மணித் தபாலில் அந்த உறை வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது, மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது என்று இரண்டே வரி. அதன் கீழே, இணைப்பில் உள்ள நாற்பத்து மூன்று தாள்களும் இப்பிரிவிலேயே வைத்துக்கொள்ளப்படுகின்றன என்று ஒரு வரி. அதற்கும் கீழே, ஓரத்தில், அதிகாரியின் பச்சை மையில் கையெழுத்தாக: ‘சேதத்தைச் சரிபார்க்கச் சுருளை முழுவதும் ஓட்டிப் பார்த்தோம். தவளை ஓர் இடத்திலும் வாய் திறக்கவில்லை. பிள்ளைகள் எல்லாரும் அதை வாய் திறந்தபடியே வரைந்திருக்கிறார்கள். அது என்ன பேசியது என்பதைத் தெரிவிக்கவும். பிரிவில் கேட்கிறார்கள்.’

பாய் அதை இரண்டு முறை படித்தார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாலை வாங்க ஆள் ஓடியது. அவர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, ஒருமுறை தொண்டையைச் செருமினார். “எழுதிக்கோ தம்பி” என்று தொடங்கிய குரல் சந்தைத் தரகருடையது. ஐந்தே முக்கால் வரை அவர் பேச, நான் எழுதினேன். மொத்தம் பதினோரு பக்கம். தபால் பதிவேட்டில், வரும் கடிதங்களுக்கான பகுதியில் அந்த உறையைப் பதிந்தேன்: பெறப்பட்ட நாள், பிப்ரவரி இருபத்தொன்பது.