அதிகாரி வருகிறார் என்று கூட்டிய தெரு

அரியலூருக்குக் கிழக்கே, சிமெண்ட் ஆலையின் புகைபோக்கியிலிருந்து முக்கால் மைலில் எங்கள் தெரு. நாற்பது வீடு. அங்கே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. ஆனால் நான் எழுதிய மனுவைவிடப் பெரிய காரியம் செய்தவர் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத கொளஞ்சியம்மாள் அக்கா.

அக்கா கூலிக்குக் கடலை பறிப்பவர். புருஷன் தர்மன் ஆலையில் மூட்டை ஏற்றினார். ஒரே மகள் மலர்க்கொடி, எட்டு வயது. மார்கழியில் பனியோடு ஆலைத்தூசியும் இறங்கித் தெருவிலேயே தங்கிவிடும். அந்த நாட்களில் மலர்க்கொடியால் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருப்பாள்.

"இன்னும் ரெண்டு பனிக்காலம் இந்தத் தூசியில இருந்தா, புள்ள தாங்காதும்மா" என்றார் டாக்டர்.

அது 1983. காற்றைக் கெடுப்பதற்கு எதிராகச் சட்டம் வந்திருக்கிறது என்று பேப்பரில் படித்திருந்தேன். தெருவே கைநாட்டு வைத்து மனு போட்டோம். ஆலை வெளிவிடும் தூசி அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அளவு வெச்சிருக்காங்களா? யாரு மூக்க வெச்சு அளந்தாங்களாம்?"

"மெட்ராஸ்ல முடிவு பண்றதுக்கா."

"அப்ப அந்த அளவயே கொறைக்கச் சொல்லி எழுது தம்பி. எம்புள்ள மூக்குக்கு அது பெரிசா இருக்கு."

அப்படியே எழுதினேன். அக்காவும் சும்மா இருக்கவில்லை. தினமும் ஒரு தட்டைக் கூரைமேல் வைத்து, மறுநாள் விழுந்த தூசியை வழித்து ஊறுகாய் பாட்டிலில் போட்டார். மாதத்துக்கு ஒரு பாட்டில். வெளியே போட்டிருந்த அம்மியில் பனி பட்டு உறைந்த தூசியைக் கல்லால் கொத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எங்கள் மனு ஆலைக்குத் தெரிந்ததும், தர்மனை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். அக்கா பாட்டிலை நிறுத்தவில்லை.

பதினாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அதிகாரி ஒருவர் தெருவை நேரில் பார்த்துவிட்டு அறிக்கை கொடுப்பார். அதை வைத்து அளவைக் குறைப்பது பற்றி யோசிப்பார்கள். கடிதத்தைத் தெரு நடுவில் நின்று உரக்கப் படித்தவன் நான்தான்.

ஊர்க்காரர்கள் எங்களுக்கு வைத்திருந்த பெயர் அழுக்குத் தெரு. களத்தில் தண்ணீர் கேட்டால்கூட, அழுக்கு என்று சொல்லித் தள்ளி நிற்க வைத்துத்தான் ஊற்றுவார்கள். சர்க்கார் ஆள் ஒருவர் முதல் தடவையாக எங்கள் தெருவுக்குள் வந்து உட்காரப்போகிறார்.

"இப்புடியே கெடந்தா என்ன எழுதுவான்? இந்த அழுக்குக்கு மூச்சு முட்டாம என்ன பண்ணும்னு நம்ம தலையிலயே எழுதிட்டுப் போயிருவான்" என்றார் பக்கத்து வீட்டு வீரம்மாள்.

அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. அக்காவுக்கும் பட்டது. முதல் விளக்குமாற்றை எடுத்தவரே அவர்தான். தர்மன் கூரையில் புதுக் கீற்றுப் போட்டார். சாம்பல் பூத்துக் கிடந்த முருங்கைக் கிளைகளை வெட்டிக் குழியில் தள்ளினோம். அம்மியைத் தேய்த்துக் கழுவினார்கள். வாசலெல்லாம் சாணம். படித்த நான் சுவருக்குச் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பகலில் ஜீப் வந்தது. தெரு பளிச்சென்று இருந்தது.

"தூசி எங்கம்மா?" என்றார் அதிகாரி.

அக்கா பதினாலு பாட்டிலையும் வரிசையாக வைத்தார்.

"பாட்டில்ல இருக்கறது எங்கேருந்து வந்துச்சுன்னு நான் எழுதறது? உங்க வீட்டுக்காரரே ஆலையில மூட்டை தூக்கினவர்தானே? கூரையில, இலையில படிஞ்சிருக்கா, அதைக் காட்டுங்க."

அக்கா கூரையைப் பார்த்தார். மொட்டை முருங்கையைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது.

"கூட்டிட்டோம் சார். நீங்க வரீங்கன்னு."

அதிகாரி கெட்டவர் இல்லை. பேனாவைத் திறக்காமலே சொன்னார்: "கூட்டாம விட்டிருக்கலாமேம்மா."

"நாளைக்கி வாங்க சார், விழுந்துரும்."

"நாளைக்கு எனக்குப் பெரம்பலூர்ல முகாம்."

தூசிப் படிவு காணப்படவில்லை, இப்போதுள்ள அளவே போதும் என்று உத்தரவு வந்தது. ஜீப் போன நாலாம் நாளே கீற்று வெளுத்திருந்தது.

அடுத்த மார்கழி பதினேழாம் தேதி மலர்க்கொடி இறந்தாள். டாக்டர் சொன்ன கணக்கு தப்பவில்லை. பிள்ளையைக் கிடத்துவதற்கு வாசலைக் கழுவிவிடலாம் என்று வீரம்மாள் குடத்தோடு வந்தார்.

"ஊத்தாத" என்றார் அக்கா. "போட்டது போட்டபடி கெடக்கட்டும்."

அன்றிலிருந்து அந்த வாசலில் விளக்குமாறு படவில்லை. இரண்டு வருஷமாகிறது. முருங்கை மறுபடி தழைத்து, இலை தெரியாமல் வெளுத்து நிற்கிறது. "பொம்பள இருக்கற வூடா இது?" என்று எங்கள் தெருக்காரர்களே கேட்டுவிட்டுப் போகிறார்கள். வீரம்மாள் மட்டும் கேட்பதில்லை. அவர் பேரனுக்கு இப்போது இழுப்பு வந்திருக்கிறது.

போன வாரம் புது மனு எழுதிக்கொண்டு போனேன். அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அக்கா முழுதும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தார். மையை முந்தானையில் துடைத்தார்.

"இந்தத் தடவ அவங்க எப்ப வர்றாங்கன்னு யாருக்கும் படிச்சுக் காட்டாத தம்பி."