மங்களத்தின் மூன்று ஆபீசுகள்

பேராக் மாநிலத்துப் புந்தோங்கில் மங்களத்தின் வீட்டு முன்னறையில் மூன்று ஆபீசுகள் இருந்தன. நாற்காலி ஒன்று, தொலைபேசி ஒன்று, மங்களம் ஒருத்தி. அவ்வளவுதான் சாமான்.

மணி அடித்தால் அவள் முதலில் பேசமாட்டாள். எதிர்முனைக் குரலைக் கேட்ட பிறகுதான் எந்த ஆபீஸ் என்று முடிவு செய்வாள். சீனக் கடைக்காரரின் மலாய் என்றால் "சன்னாசி டிரான்ஸ்போர்ட்". கல்யாண வீட்டுப் பதற்றம் என்றால் "பிச்சைமுத்து பந்தல், மைக் செட்". திருத்தமான ஆங்கிலம் என்றால் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்ற கிராணி குலசிங்கத்தின் டியூஷன் நிலையம். பேசும்போது பக்கத்தில் இருக்கும் பிஸ்கட் டின்னை விரல் நகங்களால் தட்டிக்கொண்டே இருப்பாள். எதிர்முனையில் அது டைப்ரைட்டராகக் கேட்கும்.

தங்கள் பேரில் போன் எடுப்பதற்காக மூவரும் மாதாமாதம் ஏதோ கொடுத்தார்கள். பெரிய பங்கு சன்னாசியுடையது. அது நின்றால் தொலைபேசியை வைத்திருக்க முடியாது. தொலைபேசி போனால் மற்ற இரண்டு ஆபீசுகளும் போய்விடும். அப்புறம் மங்களம் சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பிப் போய், அண்ணன் வீட்டு அடுப்படியில் அண்ணி சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். முப்பத்தாறு வயதில் அவள் பயந்தது அதற்கு மட்டும்தான்.

சன்னாசி முன்பு ரப்பர்த் தோட்டத்து லோரி ஓட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஒரு பழைய பெட்ஃபோர்டு லோரியை வாங்கி, அந்த ஒன்றுக்கே டிரான்ஸ்போர்ட் என்று பெயர் வைத்தார். நல்ல உழைப்பாளி. ஆனால் ராகு காலத்தில் சாவியைத் தொடமாட்டார்.

எண்பத்திரண்டாம் ஆண்டு பிறந்தபோது அரசாங்கம் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பழையபடி பத்தரை முதல் பன்னிரண்டா, புதுக் கணக்கில் பதினொன்று முதல் பன்னிரண்டரையா என்று ஊரே குழம்பியது. சன்னாசி குழம்பவில்லை.

"மணி மாறிப்போச்சுன்னு ராகுவுக்கு யாரு கடுதாசி போட்டா? ரெண்டையும் பார்த்துக்குவோம்லா," என்றார்.

அதனால் பேராக்கிலேயே அவருக்கு மட்டும் ராகு காலம் தினமும் இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்தை மறைப்பதுதான் மங்களத்தின் உண்மையான வேலை. திங்கட்கிழமை காலையில் டிரைவர் ரோட் டாக்ஸ் எடுக்கப் போயிருப்பார். வெள்ளிக்கிழமை லோரி சர்வீசுக்குப் போயிருக்கும். பேராக்கில் அந்த பெட்ஃபோர்டு அளவுக்குச் சர்வீஸ் பார்த்த லோரி வேறு கிடையாது என்று மளிகை மொத்த வியாபாரியான சீன முதலாளி தவுக்கே லியோங் நம்பினார். சரக்கு ஏற்றச் சொல்பவர்கள் எல்லாரும் நல்ல நேரத்திலேயே கூப்பிடுவது முருகன் அருள் என்று சன்னாசி நம்பினார்.

மூன்று வருடம் காத்திருந்து, சன்னாசியும் மனைவி செல்லாயியும் இருந்த வீட்டுக்கும் ஒரு தொலைபேசி வந்தது. அன்றே லோரிக் கதவில் மங்களத்தின் எண்ணை அழித்துத் தன் எண்ணை எழுதினார். அதன்பிறகுதான் அவளிடம் சொல்ல வந்தார்.

"இனிமே செல்லாயியே போனை எடுத்துக்குவா, மங்களம்."

"அண்ணி என்ன சொல்லுவாங்க அண்ணே?"

"ஹலோன்னு சொல்லுவா. இவ்வளவு நாளா நீ வேற என்ன சொன்ன?"

மங்களம், கையில் இருக்கும் பணம் மாதக் கடைசி வரை தாங்கும், பிறகு தாங்காது என்று மனதுக்குள் நாளை எண்ணிக்கொண்டாள்.

அந்த வாரமே தவுக்கே சன்னாசி வீட்டுக்குப் பேசினார். பினாங்குச் சரக்கு இனிமேல் பத்தரைக்குத்தான் கிடங்குக்கு வருமாம். வெள்ளிக்கிழமை பதினொன்றுக்கு லோரி வேண்டும், தெலுக் இந்தான் வரை போக வேண்டும். செல்லாயி ஹலோ சொல்லிவிட்டுக் கணவரிடம் கொடுத்தாள். சன்னாசிக்குத் தவுக்கேயிடம் முடியாது என்று சொல்லி வழக்கமில்லை. முடியும் என்று மலாயில், "போலே, போலே," என்றார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை வரை லோரிக்குள் சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குக் கிளம்பினார். கிடங்குக்குப் போனால் மூட்டை தூக்குகிறவர்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். கதவில் பூட்டு. சரக்கு வேறு லோரியில் அப்போதே போய்விட்டிருந்தது.

மறுநாள் காலை மங்களத்தின் வீட்டு வாசலில் நின்றார்.

"தவுக்கே வேற லோரியப் பிடிச்சிட்டான் மங்களம்."

"ஏன், அண்ணி ஹலோ சொல்லலையா?"

"குத்தாதலா. அந்த லோடு போனா என் லோரியை வித்துட வேண்டியதுதான்."

மங்களம் நாற்காலியை அவரிடம் தள்ளிவிட்டு, நின்றபடியே தவுக்கேயைக் கூப்பிட்டாள். ஒரு கையால் பிஸ்கட் டின்னைத் தட்டிக்கொண்டே மலாயில் பேசினாள். உங்கள் டிரைவருக்குப் பைத்தியமா என்று தவுக்கே கத்தியது சன்னாசி வரைக்கும் கேட்டது. புதிதாக வந்த கிராணி நேரத்தைத் தப்பாக எழுதிவிட்டதாகவும், அந்த ஆளை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகவும் மங்களம் சொன்னாள். தவுக்கே கொஞ்சம் தணிந்தார். வரும் வெள்ளி பதினொன்று, இதுதான் கடைசித் தடவை என்றார்.

அவள் போனை வைத்தாள். "யார நிறுத்தின?" என்றார் சன்னாசி.

"உங்களத்தான்."

அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. "பதினொன்னுன்னு ஒத்துக்கிட்டியே. ராகு காலம்லா."

"ஊருக்குப் போறவங்க நேரம் சரியில்லன்னா என்ன செய்வாங்க அண்ணே? நல்ல நேரத்துலேயே ஒரு பைய பக்கத்து வீட்ல கொண்டு போய் வெச்சிடுவாங்க. பயணம் அப்பவே கிளம்பியாச்சுன்னு கணக்கு. நீங்களும் பரஸ்தானம் வைங்க. பத்து மணிக்கு லோரித் தார்ப்பாயக் கொண்டாந்து இங்க போடுங்க. பத்தே முக்காலுக்கு எடுத்துக்கிட்டுப் போங்க."

"அது மனுசனுக்குல்ல வைக்கறது. லோரிக்குச் செல்லுமா?"

"மனுசன்தானே லோரிய ஓட்டறாரு?"

எவ்வளவு யோசித்தும் சன்னாசிக்கு அதில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை. "சரி, வைக்கிறேன்," என்றார்.

"சும்மா வைக்க முடியாது. முதல்ல லோரிக் கதவுல இருக்கற உங்க போன் நம்பர அழிச்சிட்டு என் நம்பர எழுதுங்க."

அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தார்ப்பாயைத் தோளில் சுமந்துவந்து முன்னறையில் போட்டார். அவர் சட்டைக் கையில் சிவப்புப் பெயிண்ட் ஈரமாக ஒட்டியிருந்தது. தார்ப்பாய் பாதி அறையை அடைத்துக்கொண்டது. நாற்காலிக்கு வழியில்லை. மணி அடித்தது. மங்களம் தார்ப்பாயின் மேலேயே ஏறி உட்கார்ந்து போனை எடுத்தாள். எதிர்முனையில் யாரோ பந்தலுக்கு வாழைமரம் இன்னும் வரவில்லை என்று அழுதுகொண்டிருந்தார்கள்.